அஞ்சறைப் பெட்டியும் மஞ்சள் பையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் சங்க நூலகத்தில் பழைய மலர்களை ஆண்டு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். மாடியில் தமிழ் வகுப்பு முடிந்து குழந்தைகள் தடதடவென்று படியிறங்கும் சத்தம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், நம் உறுப்பினர் ஒருவருடைய மகள், தயங்கியபடி வந்து நின்றாள்.

"அங்கிள், நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே வேலை பார்த்தீங்க? ஒரு சந்தேகம். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்ல டைனமிக் ப்ராப்பர்ட்டி எப்போ போடலாம்? எங்க ஸார் போடவே கூடாதுங்கறார். என் கூடப் படிக்கிற பையன் எதுக்கெடுத்தாலும் அதைத்தான் போடறான். அவன் புரோகிராமும் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுகிற வரைக்கும் ஓடும்மா" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், இந்தக் கேள்விக்கு விடையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2019-ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில், இதே சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு, கை நடுங்கத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு அன்று சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். சமையலறை தெரிந்திருந்தால் போதும்.

பெட்டி எது, பை எது?

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் என்பது, உலகத்தில் உள்ள ஓர் ஆளையோ பொருளையோ பற்றிய விவரங்களைக் கம்ப்யூட்டருக்குள் ஒரே பொட்டலமாகக் கட்டி வைக்கிற முறை. நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்றால் அவருடைய பெயர், விலாசம், தொலைபேசி எண், சந்தா கட்டிய தேதி ஆகியவை அவருடைய பண்புகள். இவற்றைத்தான் ப்ராப்பர்ட்டி என்கிறார்கள். எல்லா உறுப்பினர்களுக்கும் பொதுவாக ஓர் அச்சு உண்டு. அதற்குக் கிளாஸ் என்று பெயர். அந்த அச்சில் வார்த்தெடுத்த ஒவ்வொரு பொட்டலமும் ஓர் ஆப்ஜெக்ட். 1960-களில் நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில்தான் இந்த ஏற்பாடு முதலில் தெளிவான உருவம் பெற்றது. அதற்காக 2001-ஆம் ஆண்டின் டூரிங் விருது அவர்கள் இருவருக்கும் வழங்கப்பட்டது.

இந்தப் பண்புகளை வைப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை, வெந்தயத்துக்கு ஓர் அறை என்று முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. மின்சாரம் போன இருட்டிலும் கை தானாகவே கடுகுக்குப் போகும். ஜாவா, சி++ போன்ற மொழிகள் இந்த ரகம். எந்தெந்தப் பண்பு உண்டு என்று கிளாஸ் எழுதும்போதே அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காத ஒரு பெயரைத் தப்பித்தவறி எழுதினால், கம்பைலர் என்ற கண்டிப்பான மாமியார், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே "இந்த வீட்டில் அப்படி ஒன்று கிடையாது" என்று நிறுத்திவிடுவார்.

இரண்டாவது வழி, ஊரில் ஜவுளிக்கடையில் கொடுக்கும் மஞ்சள் பை. அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். 1991-இல் வெளிவந்த பைத்தான், 1995-இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட், அதே ஆண்டு வந்த பிஎச்பி ஆகிய மொழிகளில் இந்த வசதி உண்டு. ஆப்ஜெக்ட் உருவான பிறகு, புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதற்குப் புதிதாக ஒரு பண்பைச் சேர்க்கலாம். 2008-இல் வந்த பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்க முடியும் என்பதால் இப்படி எழுதலாம்:

உறுப்பினர்.இரத்தப்பிரிவு = "ஓ நெகடிவ்"

உறுப்பினர் என்ற கிளாஸில் இரத்தப்பிரிவு என்ற பெயரே இதற்கு முன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வரி ஓடியதும் அது உண்டாகிவிடும். இப்படி இடையில் வந்து சேருகிற பண்புக்குத்தான் டைனமிக் ப்ராப்பர்ட்டி என்று பெயர். உள்ளே நடப்பது எளிமையான காரியம்தான். ஆப்ஜெக்டுக்குள் ஓர் அகராதி மறைந்திருக்கிறது. பெயரைச் சொன்னால் அகராதியில் தேடும். இருந்தால் மதிப்பை மாற்றும். இல்லாவிட்டால் புதிதாக ஒரு வரி எழுதிக்கொள்ளும். இந்த "இல்லாவிட்டால் புதிதாக எழுதிக்கொள்ளும்" என்ற இடத்தில்தான் நன்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

முதலில் செய்த பெட்டி

நம் சங்கத்தில் பழைய உறுப்பினர் பதிவேடு எப்படி இருந்தது என்று மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. வரிசை எண், பெயர், விலாசம், சந்தா, கடைசியில் "குறிப்பு" என்று ஓர் அகலமான கட்டம். அப்போதைய செயலாளர் அந்தக் கடைசிக் கட்டத்தில் பொடி எழுத்தில் ஒரு குடும்பத்தின் சரித்திரத்தையே எழுதி வைத்திருப்பார். இவர் மிருதங்கம் வாசிப்பார், அவருடைய மனைவி கோலப் போட்டிக்கு நடுவராக வருவார், இன்னொருவர் வண்டி தருவார், என்றெல்லாம்.

2015-இல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கம்பெனியில் கற்ற கண்டிப்போடு ஓர் அஞ்சறைப் பெட்டி செய்தேன். 14 அறைகள், எல்லாம் முன்பே அறிவித்தவை. "குறிப்பு" என்ற கட்டத்தை ஒழித்துவிட்டேன். "குப்பையெல்லாம் எதற்கு?" என்று பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

முதல் வாரமே தகராறு. நான் எங்கோ பார்த்த மாதிரியை வைத்து, பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு அறைகள் போட்டு, இரண்டையும் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்திருந்தேன். நம்மவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். ஒருவர் தந்தை பெயரைப் போட்டார். அவர் மனைவி கணவர் பெயரைப் போட்டார். மகன் பள்ளிச் சான்றிதழில் இருந்தபடி வேறொன்றைப் போட்டான். ஒரே வீட்டில் மூன்று பேர், கம்ப்யூட்டரின் கணக்கில் மூன்று தனித்தனிக் குடும்பங்கள்! இன்னொருவர் கோபத்தில் வெறும் புள்ளியை வைத்துவிட்டுப் போனார். இந்த ஊரில் வங்கியிலும் பள்ளியிலும் விண்ணப்பப் படிவத்தோடு நாம் படும் பாட்டையே, நம் சங்கத்துக்குள்ளும் நான் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

பிறகு ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு புது அறை கேட்டார்கள். பொங்கல் விருந்துக்கு வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் எத்தனை பேர்? விளையாட்டுப் போட்டிக்குக் குழந்தைகளின் சட்டை அளவு என்ன? சுற்றுலாவுக்கு மாடிப்படி ஏற முடியாதவர்கள் யார்? ஒவ்வொரு தடவையும் கிளாஸை மாற்றி, தகவல் தளத்தில் ஒரு பத்தி கூட்டி, படிவத்தை மாற்றி, ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இல்லாமல் போயின. முடிவில் 40 அறைகள். அவற்றில் பெரும்பாலானவை பெரும்பாலானவர்களுக்குக் காலி.

பிறகு தைத்த பை

2017-இல் சலித்துப்போய் மறு கோடிக்குத் தாவினேன். பெயர், விலாசம், தொலைபேசி, சந்தா என்று நான்கு அறைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் பை என்று ஆக்கிவிட்டேன். பதிவு செய்யும் தொண்டர் முன்னால் இரண்டு கட்டங்கள் மட்டும் தோன்றும். ஒன்றில் விவரத்தின் பெயர், மற்றொன்றில் விவரம். அவர் எதை எழுதினாலும் என் பிஎச்பி புரோகிராம் அதை அந்த உறுப்பினருக்கு ஒரு டைனமிக் ப்ராப்பர்ட்டியாக ஒட்டிவிடும்.

எல்லோருக்கும் பரம திருப்தி. "இப்பத்தான் தம்பி நம்ம பழைய நோட்டு மாதிரி இருக்கு" என்று முன்னாள் செயலாளரே பாராட்டினார். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன.

ஒரே ஒரு சிறு விபத்து நடந்தது. ஆண்டு விழாவுக்கு உறுப்பினர் கையேடு அச்சிட்டோம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் உள்ள எல்லாப் பண்புகளையும் வரிசையாக எழுது என்று புரோகிராமுக்கு நான் சொல்லியிருந்தேன். அதுவும் கீழ்ப்படிந்து எழுதியது. மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு பெரியவருடைய பெயருக்குக் கீழே, "கவனிக்க: சந்தா கேட்டால் கோபிப்பார்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது! நல்ல வேளை, அச்சுக்குப் போகும் முன் கண்ணில் பட்டது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பையைக் கவிழ்க்கக் கூடாது என்ற பாடத்தை அன்றே கற்றிருக்க வேண்டும். நான் கற்கவில்லை.

அந்த இரவு

2019 டிசம்பர். இரவு 11 மணிக்குத் தொலைபேசி அடித்தது. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து நான்கு மாதமே ஆன ஓர் இளைஞர். மனைவிக்குப் பிரசவம் ஆகி, இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகடிவ் பிரிவு. மருத்துவமனையில் இருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது, கொடையாளரைக் கூட்டி வாருங்கள் என்கிறார்கள். அவருக்கு இந்த ஊரில் உறவென்று யாருமில்லை. சங்கத்தின் எண் மட்டும்தான் தெரியும். "ஸார், நம்ம ஆளுங்க யாராவது இருப்பாங்களா ஸார்?" என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது.

ஓ நெகடிவ் உடையவருக்குப் பொதுவாக ஓ நெகடிவ் இரத்தம்தான் ஏற்ற வேண்டும். நம் நாட்டில் அது அரிதாகத்தான் கிடைக்கும். ஆனால் எனக்கு நம்பிக்கை இருந்தது. இரண்டு வருடங்களாகத் தொண்டர்கள் இரத்தப் பிரிவு கேட்டுப் பதிந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தேடுவதற்கு ஒரு பக்கமும் நானே எழுதி வைத்திருந்தேன். தேடினேன். 300-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் தேடி, ஒரு நொடியில் பதில் வந்தது: "ஒருவரும் இல்லை."

அந்தப் பதிலை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முன்னாள் செயலாளரை எழுப்பினேன். எழுபத்தைந்து வயதுக்காரர். "இல்லையா? எப்படித் தம்பி இல்லாமப் போகும்?" என்றார். நீள நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "குறிப்பு" கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஐந்து நிமிடத்தில் மூன்று பெயர்கள் சொன்னார். ஒருவர் ஊரில் இல்லை. மற்ற இருவரும் இரவு ஒன்றரை மணிக்கு மருத்துவமனை வாசலில் நின்றார்கள். அதில் ஒருவர், சந்தா கேட்டால் கோபிக்கிற அதே பெரியவருடைய மகன்.

தாயும் குழந்தையும் பிழைத்தார்கள்.

மறுநாள் காலையில் கண்டது

விடிந்ததும் பட்டியலை முழுவதும் வெள்ளைத்தாளில் அச்சிட்டு உட்கார்ந்தேன். ஓ நெகடிவ் உடையவர்கள் ஐந்து பேர் என் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தார்கள். ஐவரும் வெவ்வேறு வேடத்தில்!

என் தேடும் பக்கம் "இரத்தப்பிரிவு" என்ற பெயரைத் தேடியது. ஒரு தொண்டர் "ரத்தப்பிரிவு" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் "இரத்த வகை" என்று. மூன்றாமவர் "பிளட் குரூப்" என்று. நான்காமவர் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் மதிப்பை எழுதும்போது ஆங்கில எழுத்து ஓவுக்குப் பதில் பூஜ்யம் என்ற எண்ணைத் தட்டியிருந்தார். ஐந்தாமவர் எல்லாவற்றையும் சரியாக எழுதி, பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தார்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சங்கடமும் உண்டு என்பதை அன்றுதான் தேடிப் படித்தேன். "தொலைபேசி" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் கம்ப்யூட்டருக்கு அவை இரு வேறு பெயர்கள். மனிதர் கண்ணுக்கு ஒன்று, அகராதிக்கு இரண்டு.

இதில் எந்த இடத்திலும் புரோகிராம் "பிழை" என்று கத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதும்போது தவறான பெயரில் அமைதியாக ஒரு புதுப் பண்பு உண்டாயிற்று. தேடும்போது சரியான பெயரில் ஒன்றுமில்லை என்று அமைதியாகச் சொன்னது. "தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "இல்லை" என்று சொன்னது. அறை இருக்கும் பெட்டியில் அறை காலியாக இருந்தால் "இன்னும் நிரப்பவில்லை" என்று கண்ணில் படும். பையில் இல்லாத பொருள் கண்ணில் படாது.

மொழிகளே பட்டுத் தெரிந்துகொண்டது

நான் மட்டும் இப்படி ஏமாறவில்லை என்பது பிறகு தெரிந்தது. 2022 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 8.2 பதிப்பில், கிளாஸில் அறிவிக்காத பண்பை இடையில் உண்டாக்கினால் எச்சரிக்கை வரும்படி மாற்றிவிட்டார்கள். எழுத்துப்பிழையால் உண்டாகும் இந்த மௌனத் தவறுகள்தாம் அதற்கு முக்கியமான காரணம். அதே சமயம் கதவை ஒரேயடியாக மூடவும் இல்லை. "இந்தக் கிளாஸில் டைனமிக் ப்ராப்பர்ட்டி வரலாம்" என்று தலைப்பிலேயே அறிவித்துவிட்டால் எச்சரிக்கை வராது. அதாவது, பை வைத்துக்கொள். ஆனால் இது பை என்று எழுதி ஒட்டு என்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் பட்டது.

பைத்தானில் ஸ்லாட்ஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. இன்னின்ன பெயர்கள் மட்டும்தான் என்று கிளாஸில் பட்டியல் கொடுத்துவிட்டால், வேறு பெயரை ஒட்ட முயலும்போதே பிழை காட்டும். ஆப்ஜெக்டுக்குள் தனி அகராதி தேவைப்படாததால் நினைவகமும் மிச்சமாகும்.

ஜாவாஸ்கிரிப்ட் கதை இன்னும் வேடிக்கை. அந்த மொழியில் எல்லாம் பைதான். ஆனால் 2008-இல் கூகுள் வெளியிட்ட வி8 என்ற எஞ்சின், வேகத்துக்காக உள்ளே ரகசியமாக ஒரு காரியம் செய்கிறது. ஒரே பண்புகளை ஒரே வரிசையில் பெற்ற ஆப்ஜெக்டுகளை ஒன்றுசேர்த்து, அவற்றுக்குப் பொதுவாக மறைவான ஒரு கிளாஸைத் தானே அமைத்துக்கொள்கிறது. 1980-களில் செல்ஃப் என்ற மொழிக்காகச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த யோசனை இது. வெளியே பையாகத் தெரிவதை உள்ளே அஞ்சறைப் பெட்டியாக அடுக்கிக்கொண்டால்தான் அதற்கும் வேகமாக எடுக்க முடிகிறது.

அப்படியானால் பையே வேண்டாமா?

இந்த இடத்தில்தான் அந்தப் பெண்ணின் ஆசிரியரோடு நான் மாறுபடுகிறேன். பையே கூடாது என்றால், குடும்பப் பெயர் கேட்டு எல்லோரையும் வதைத்த என் முதல் புரோகிராம்தான் மிஞ்சும். பைக்கென்றே அமைந்த வேலைகள் உண்டு.

நல்ல உதாரணம், 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற, உலக மக்களே சேர்ந்து வரையும் வரைபடம். அதில் ஓர் இடத்துக்குக் கட்டாயமாக வேண்டியவை அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை போன்ற சில விவரங்கள்தாம். மற்றதெல்லாம் சாவி, மதிப்பு என்று யாரும் சேர்க்கக்கூடிய சீட்டுகள். கோயிலா, டீக்கடையா, எத்தனை மணிக்குத் திறக்கும், சக்கர நாற்காலி போகுமா, எதையும் சேர்க்கலாம். பெயர் என்ற சாவியோடு தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியைச் சேர்த்தால் அந்த இடத்தின் தமிழ்ப் பெயரை எழுதலாம்; இந்திக்குரிய குறியைச் சேர்த்தால் இந்திப் பெயரை எழுதலாம். தொடங்கியவர்கள் தமிழுக்கென்று தனியாக ஓர் அறை கட்டியிருக்க வேண்டியதில்லை. பையாக வைத்ததால் நம் மொழிக்கும் தானாக இடம் கிடைத்தது. உலகத்தில் என்னென்ன இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிப் பட்டியலிட முடியாத இடத்தில் பைதான் சரி.

ஆனால் அங்கேயும் ஒரு கட்டுப்பாடு தானாக வளர்ந்தது. எந்தப் பொருளுக்கு எந்தச் சாவியைப் பயன்படுத்துவது என்று பேசி முடிவு செய்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒருவர் போட்டது மற்றவருக்குக் கிடைக்காதே!

அதுபோல, வேறு யாரோ அனுப்பும் தகவலை வாங்கி இன்னொருவரிடம் அப்படியே சேர்ப்பது மட்டுமே நம் புரோகிராமின் வேலை என்றால், அதில் உள்ள பெயர்களை நாம் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை. பார்சல் லாரி ஓட்டுகிறவர் மூட்டைக்குள் என்ன என்று பார்ப்பதில்லை அல்லவா? அங்கேயும் பை போதும். 300 பேரில் மூன்று பேருக்கு மட்டும் பொருந்துகிற, கண்ணால் படிப்பதற்கு மட்டுமேயான குறிப்புகளுக்கும் பை போதும். "மிருதங்கம் வாசிப்பார்" என்பது அப்படிப்பட்ட குறிப்பு. மென்பொருள் வடிவமைப்பைப் பற்றி நிறைய எழுதிய மார்ட்டின் ஃபவுலர், 1997-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பண்புகளை வகைப்படுத்தியிருக்கிறார். முன்பே நிலையாக அறிவித்த பண்பு ஒரு முனை. யாரும் எந்தப் பெயரிலும் சேர்க்கக்கூடிய பண்பு மறு முனை. இரண்டுக்கும் நடுவே, புதிதாகச் சேர்க்கலாம், ஆனால் சேர்க்கும் முன் அந்தப் பண்பின் பெயரை ஒரு பட்டியலில் பதிய வேண்டும் என்ற வகை. நான் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த நடு வழிக்குத்தான்.

இப்போது நம் சங்கத்தில் உள்ளது

இப்போதுள்ள புரோகிராமில் மூன்று அடுக்குகள். பெயர், இனிஷியல், விலாசம், தொலைபேசி, சந்தா, இரத்தப் பிரிவு ஆகியவை அறிவித்த பண்புகள். இனிஷியல் கட்டாயமில்லை, குடும்பப் பெயர் என்ற அறையே இல்லை, யார் யார் ஒரே குடும்பம் என்பதற்குத் தனி எண் வைத்துவிட்டேன். இரத்தப் பிரிவைத் தட்டெழுத வேண்டியதில்லை. எட்டுப் பிரிவுகளும் "தெரியவில்லை" என்பதும் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் போதும். அவசரத்துக்கு அழைக்கலாமா என்று உறுப்பினரின் சம்மதத்தையும் கேட்டுப் பதிகிறோம். தேடினால், ஓ நெகடிவ் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லாமல், பிரிவு பதியாதவர்கள் எத்தனை பேர் என்றும் சேர்த்துச் சொல்லும்.

இரண்டாவது அடுக்கு, விழாக்காலத் தேவைகள். இவற்றுக்கு ஒரு பண்புப் பட்டியல் உண்டு. சட்டை அளவு என்று ஒரு தடவை பட்டியலில் சேர்த்து, அது எண்ணா, தேதியா, ஆம் அல்லது இல்லையா, கையேட்டில் அச்சாகலாமா என்றும் குறித்துவிட்டால், அதன் பிறகு தொண்டர்கள் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க மட்டும் முடியும். கிளாஸைத் தொட வேண்டாம். என் ஞாயிற்றுக்கிழமையும் போகாது.

மூன்றாவது அடுக்கு, பழைய "குறிப்பு" கட்டம். எதையும் எழுதலாம். அது அச்சாகாது. புரோகிராம் அதை நம்பி எந்த முடிவும் எடுக்காது. ஆனால் ஒரே விஷயத்தை அடிக்கடி அங்கே எழுதுகிறார்கள் என்று தெரிந்தால், அதை இரண்டாவது அடுக்குக்கு உயர்த்திவிடுவோம்.

மூன்று கேள்விகள்

"அப்போ சுருக்கமா எப்படி அங்கிள் முடிவு பண்றது?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு தாளில் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது: இந்தப் பண்பின் பெயர் எங்கிருந்து வருகிறது? புரோகிராமில் உன் கையாலேயே அந்தப் பெயரை எழுதுகிறாய் என்றால் அது உனக்குத் தெரிந்த பெயர். தெரிந்த பெயருக்கு அறை கட்டு. வெளியிலிருந்து, நீ அறியாத பெயராக வருகிறது என்றால் மட்டும் பையை நினை.

இரண்டாவது: இதை வைத்து யாராவது கணக்குப் போடுகிறார்களா, தேடுகிறார்களா, முடிவெடுக்கிறார்களா? ஆம் என்றால் அறை வேண்டும். படித்துவிட்டுப் போவது மட்டும்தான் என்றால் பை போதும்.

மூன்றாவது: பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் யார் கண்டுபிடிப்பார்கள்? கம்பைலரா, பரிசோதனையா, பட்டியலா? ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்றால், அந்த இடத்தில் டைனமிக் ப்ராப்பர்ட்டி வேண்டாம்.

"பையைப் போடும்போதும் பையைத் தனியாக வை" என்று ஒரு வரி சேர்த்தேன். உறுப்பினர் மேலேயே எல்லாவற்றையும் ஒட்டாமல், "கூடுதல் விவரங்கள்" என்ற ஒரே ஓர் அறையை அறிவித்து, அதற்குள் ஓர் அகராதியை வைத்தால், அறிவித்தது எது, இடையில் வந்தது எது என்று படிப்பவருக்குக் குழப்பம் இருக்காது. யாரோ போட்ட ஒரு பெயர் என்னுடைய "சந்தா" என்ற பெயரை மேலெழுதிவிடும் ஆபத்தும் இல்லை.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "எங்க ஸார் சொன்னதும் சரி, அந்தப் பையன் சொன்னதும் சரி, இடம்தான் வேறன்னு சொல்றீங்க" என்றாள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் போன பிறகு அலமாரியில் இருந்த நீள நோட்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு அட்டை மங்கிவிட்டது. முன்னாள் செயலாளர் 2021-இல் காலமாகிவிட்டார். அன்று இரவு அந்த நோட்டு நம்மைக் காப்பாற்றியது என்று பலரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, காப்பாற்றியது நோட்டு அல்ல, எந்தக் குறிப்பு எங்கே இருக்கும் என்று அறிந்த அந்த மனிதர்தான் என்று தோன்றுகிறது. இரத்தம், ரத்தம், பிளட் எல்லாம் ஒன்றே என்று அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்த அந்த ஒழுங்கை, அவர் இல்லாத நாளிலும் எல்லோருக்கும் கிடைக்கும்படி எழுதி வைப்பதுதான் அறிவித்த பண்பு என்பதன் முழுப் பொருள்.

நம் மாடியில் ஞாயிறுதோறும் "அ, ஆ" படிக்கும் குழந்தைகளில் ஒருத்தி, அந்த இரவில் பிறந்தவள். அவள் உறுப்பினர் அட்டையில் இரத்தப் பிரிவு என்ற அறையை நானே நிரப்பினேன்.

உங்கள் வீட்டில் யாருடைய பிரிவாவது இன்னும் "தெரியவில்லை" என்றே இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள்.